மாவா, அட்டையா, ஓலையா: லீவுக்கு வீட்டில் பொம்மை செய்ய எதை எடுப்பது?

கோடை லீவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பொம்மை செய்யலாம் என்று நினைப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. எதில் செய்வது என்று கேட்டால்தான் ஆளுக்கொன்று சொல்வார்கள். கடையில் கிட் வாங்கிக்கொடு என்பார் ஒருவர். மைதா மாவைப் பிசைந்து கொடு என்பார் இன்னொருவர். ஊரில் இருக்கும் அப்பத்தாவோ, பனையோலையில் செய்யாத பொம்மையா என்று சிரிப்பார். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொட்டால் வீடு முழுக்கக் குப்பை சேருமே தவிர, உருப்படியாக ஒன்றும் நிற்காது. ஒன்றோ இரண்டோ தேர்ந்துகொண்டு அதில் ஊறுவதுதான் நல்லது.

நான் பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று, வேலையில் எவ்வளவு பங்கைப் பிள்ளை தன் கையால் செய்கிறது. இரண்டு, பொம்மை உடைந்தால் நம்மைக் கூப்பிடாமல் அதுவே திரும்பச் செய்துகொள்ள முடியுமா. செய்து முடித்ததும் பார்க்க அழகாக இருக்கிறதா, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படம் போடலாமா என்பதெல்லாம் என் கணக்கில் வராது. அழகுதான் வேண்டும் என்றால் பெரியவர்களே செய்துவிடுவோம், பிள்ளை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். பள்ளிக்கூட 'பிராஜெக்ட்' பல வீடுகளில் அப்படித்தான் முடிகிறது.

முதலில் கிட். 300 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 1000 ரூபாய்க்கு மேலும் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் எல்லாம் வெட்டி, துளை போட்டு, எண் ஒட்டி வந்திருக்கும். பிள்ளை ஒன்றோடு ஒன்றைச் சொருகும், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அப்புறம் அலமாரிக்குப் போகும். ஒரு துண்டு தொலைந்தால் மொத்தமும் வீண். ரயில் பயணத்துக்கு, பிறந்தநாள் பரிசுக்கு, வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நேரமே கிடைக்காத வாரத்துக்குக் கிட் சரி. வாங்குவதாக இருந்தால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் நாட்டில் அது கட்டாயம். எல்இடி விளக்கு எரியும் கிட்டில் பொத்தான் போன்ற சின்ன பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தவழ்கிற குழந்தை உள்ள வீட்டில் அந்த வகைக் கிட்டே வேண்டாம்.

அடுத்து, பிசைந்து செய்கிற இரண்டு: மைதா மாவும் களிமண்ணும். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் உங்கள் தேடல் இங்கேயே முடிந்துவிடலாம். அந்த வயதில் கத்தரிக்கோல் கைக்கு அடங்காது, பசை முழங்கை வரை போகும். ஆனால் உருட்டவும் தட்டவும் கிள்ளவும் எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மைதாவில் பச்சையாகப் பிசைவதைவிட அடுப்பில் கிளறிய மாவு நல்லது. ஒரு கப் மைதா, அரை கப் தூள் உப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் கொழுக்கட்டை மாவு மாதிரி திரண்டு பாத்திரத்தை விட்டு வரும். ஆறியதும் நன்றாகப் பிசைந்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக வரும். நிறத்துக்குக் கடைப் பொடியே வேண்டாம். ஒரு உருண்டையில் மஞ்சள்தூள் போடுங்கள். அதிலிருந்து பாதியைக் கிள்ளி, தண்ணீரில் கரைத்த ஆப்பச் சோடாவை நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசையச் சொல்லுங்கள். பிசையப் பிசைய மஞ்சள் மாவு செங்கல் நிறத்துக்கு மாறும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அன்றைக்குப் பொம்மையே தேவைப்படாது, அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். பீட்ரூட் சாறு போட்டால் முதல் நாள் ரோஜா நிறம், இரண்டு நாளில் மங்கிவிடும். மஞ்சள் கறை தரையிலும் சட்டையிலும் ஏறும், பழைய பாயை விரித்துக்கொள்ளுங்கள்.

மைதாவுக்கு இரண்டு குறைகள் உண்டு. நிறைய உப்பு இருப்பதால் கையில் கீறல் இருந்தால் எரியும். மாவை வாயில் போட்டு முழுங்குகிற பழக்கம் உள்ள குழந்தைக்கும், கீழே விழுந்ததைத் தின்னும் நாய் உள்ள வீட்டுக்கும் அத்தனை உப்பு நல்லதில்லை. இன்னொன்று, உப்பு ஈரத்தை இழுக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர்களில் வெயிலில் காயவைத்து எடுத்த மாவுப் பொம்மை, மழை நாள் வந்ததும் பிசுபிசுத்து உருக்குலையும். வைத்துப் பார்க்க ஆசைப்பட்டால் மைதா சரிவராது. உருட்டி விளையாடிவிட்டுத் திரும்ப டப்பாவில் போடுவதற்கே அது.

களிமண்ணில் செய்ததை வைத்துப் பார்க்கவும் விளையாடவும் ஆகும். பிள்ளையார் சதுர்த்தி நெருங்கும்போது கடைத்தெருவில் கிடைக்கும், மற்ற நாளில் குயவரிடம் கேட்டு வாங்கலாம். அவரே கல்லும் வேரும் எடுத்து மிதித்துப் பதமாக்கிய மண்ணைத் தருவார். கண்மாயில் நாமே வெட்டி எடுத்தால் அதைச் சலித்து ஊறப்போடவே இரண்டு நாள் போய்விடும். காயும்போது மண் சுருங்கி வெடிக்கும். கொஞ்சம் மெல்லிய மணல் கலந்து, வெயிலில் வைக்காமல் நிழலில் ஆற விட்டால் வெடிப்பு குறையும். யானைக்குக் கால்களைத் தனியே உருட்டி ஒட்டினால் காய்ந்ததும் கழன்று விழும். ஒட்டும் இரண்டு பக்கமும் கீறிவிட்டு, குழைத்த சேற்றைத் தடவி அழுத்த வேண்டும். இந்த நுணுக்கம் பிடிபட ஆறேழு வயதாவது ஆக வேண்டும். சுடாத மண் தண்ணீர் பட்டால் கரைந்துபோகும், அதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அடுக்குமாடி வீட்டில் இன்னொரு தொல்லை, கையைக் கழுவிய மண் தொட்டிக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். வாளியில் கழுவி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.

இனி அட்டையும் வீட்டில் கழிக்கும் சாமான்களும். ஆறு வயதுக்கு மேல் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். கூரியரில் வரும் பெட்டி, பிஸ்கட் அட்டை, தண்ணீர் பாட்டில் மூடி, தீப்பெட்டி, துடைப்பத்து ஈர்க்கு, நூல்கண்டின் உருளை, ரப்பர் பேண்டு, முட்டை ஓடு இவையே போதும். காசு பசைக்கு மட்டும்தான். தவிர, அட்டையில் செய்கிற பொம்மை ஓடும், ஆடும், சுழலும். ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்று பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். மாவுப் பொம்மையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஒரு சின்ன காரை எடுத்துக்கொள்வோம். தீப்பெட்டியோ சின்ன அட்டைப்பெட்டியோ உடம்பு, பாட்டில் மூடி நான்கும் சக்கரம், கபாப் குத்துகிற மூங்கில் குச்சி அச்சு. பலர் குச்சியை நேராக அட்டையில் குத்திச் சக்கரத்தை மாட்டிவிடுவார்கள். அட்டை குச்சியைப் பிடித்துக்கொள்ளும், வண்டி இழுபடும், உருளாது. குச்சிக்கு ஒரு குழாய் வேண்டும். செய்தித்தாள் துண்டைக் குச்சிமேல் தளர்வாகச் சுற்றி, ஓரத்தை ஒட்டி, குச்சியை உருவிக்கொண்டால் குழாய் தயார். அதைக் காரின் அடியில் ஒட்டிவிட்டு உள்ளே குச்சியை விட வேண்டும். குழாய்க்குள் குச்சி லேசாகச் சுற்ற வேண்டும், குச்சியில் மூடி இறுக்கமாக நிற்க வேண்டும். மூடியின் நடுவைத் தேடி அளவுகோல் எடுக்க வேண்டாம். பல மூடிகளின் மேல்பக்க நடுவில் அச்சில் வார்த்தபோது விழுந்த சின்னப் புள்ளி இருக்கும், துளையை அங்கே போட்டால் போதும். துளை போடுவது பெரியவர் வேலை. அடியில் பழைய ரப்பர் செருப்பை வைத்துக் கோணி ஊசியால் குத்தலாம். ஆணியைச் சூடாக்கிக் குத்தினால் பிளாஸ்டிக் புகை வரும், அது வேண்டாம்.

எங்கள் வீட்டில் அக்கா மகன் செய்த கார் இடது பக்கமே போய்க்கொண்டிருந்தது. "மாமா, இதுக்கு ஸ்டீயரிங் இருக்கா?" என்று கேட்டான். கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். முன்குழாயும் பின்குழாயும் இணையாக இல்லை. பிய்த்து ஒட்டினான், நேராக ஓடியது. மறுநாள் வேண்டுமென்றே முன்குழாயைக் கோணலாக ஒட்டி, வட்டமடிக்கும் கார் ஒன்றை அவனாகவே செய்தான். கிட்டில் இது நடக்காது, அதில் எல்லாத் துளையும் சரியான இடத்தில்தான் இருக்கும்.

அட்டைக்கும் குணம் உண்டு. கூரியர் பெட்டி அட்டையின் உள்ளே அலை அலையாக ஒரு அடுக்கு ஓடும். அலை ஓடும் திசையில் மடித்தால் சுத்தமாக மடியும், குறுக்கே மடித்தால் நசுங்கும். குறுக்கே மடிக்க வேண்டி வந்தால் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டுவிட்டு மடிக்கலாம். பெரிய சக்கரம் வேண்டுமென்றால் இரண்டு வட்டம் வெட்டி, ஒன்றில் அலை நெட்டாகவும் மற்றொன்றில் குறுக்காகவும் வரும்படி ஒட்டினால் வளையாது. இந்த அட்டையை வெட்டப் பிள்ளைகளின் கத்தரிக்கோலுக்குப் பலம் போதாது. கட்டர் கத்தியைக் கொடுக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் பங்கு குறையாமல் இருக்க, மெல்லிய பிஸ்கட் அட்டையைப் பிள்ளைக்கும் கனமானதை நமக்கும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, முட்டை ஓட்டில் தலையாட்டிப் பொம்மை. தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையை எல்லாருக்கும் தெரியும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மை அது. அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால் எப்படிச் சாய்த்தாலும் நிமிரும். வீட்டில் செய்ய, முட்டையின் கூர்முனையில் சின்னத் துளை போட்டுக் கருவை வடித்துவிட்டு, ஓட்டைச் சோப்புத் தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவிக் காயவையுங்கள். முதலில் ஒரு கரண்டி மணலை மட்டும் போட்டுப் பிள்ளையை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நிமிராது, எப்படி வைத்தாலும் அப்படியே நிற்கும், ஏனென்றால் மணலும் கூடவே நகர்ந்துவிடும். பிறகு ஓட்டை நிமிர்த்திப் பிடித்து, உருக்கிய மெழுகை நீங்கள் அதன்மேல் ஊற்றி இறுக விடுங்கள். இப்போது சாய்த்தால் துள்ளி நிமிரும். துளையை மறைக்கக் காகிதத் தொப்பி, கண்ணும் மீசையும் ஸ்கெட்ச் பேனாவில். கீழே விழுந்தால் உடையும், அது உண்மைதான். அடுத்த ஆம்லெட்டுக்கு இன்னொரு ஓடு கிடைக்கும்.

கழிவில் பொம்மை செய்வதை இந்தியா முழுக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். 1970களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனவர், தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து முக்கோணம், கூம்பு, வீடு எல்லாம் கட்டிக் காட்டினார். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்றைக்கும் பழைய சைக்கிள் கடையில் அந்த மெல்லிய வால்வ் டியூபைக் கேட்டால் கிடைக்கிறது. ஒன்றரை செ.மீ. துண்டாக நறுக்கி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை இரண்டு பக்கமும் சொருகினால் மடங்கும் மூட்டு. ஒன்பது பத்து வயதுப் பிள்ளைக்கு இது ஒன்றே ஒரு வாரத்துக்குப் போதும்.

அட்டை வேலையில் பசைதான் பொறுமையைச் சோதிக்கும். ஃபெவிகால் பிடிக்க அரை மணி நேரம் வேண்டும், முழுப் பலம் வர ஒரு நாள். பிள்ளைக்கு அரை மணி என்பது யுகம். அதற்காக உடனே ஒட்டும் பசையைக் கையில் கொடுத்துவிடாதீர்கள், விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளும், கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான். துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிப் பிடித்து வைத்துவிட்டு அடுத்த சக்கரத்தை வெட்டப் போகலாம். காகித வேலைக்கு மைதாவைக் காய்ச்சிய பசையே போதும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம். வீட்டுப் பசையில் கலக்கவே கூடாது. தெர்மாகோலையும் தவிர்த்துவிடலாம். அலங்காரத்துக்கான தெர்மாகோலுக்கு 2022 ஜூலை முதல் நாடு முழுக்கத் தடை உண்டு. அது இல்லாவிட்டாலும், அந்த வெள்ளை மணியைக் கூட்டிப் பார்த்தவர்கள் திரும்ப வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

ஓலைக்கு வருவோம். செலவு சுத்தமாக இல்லை, பாதுகாப்புக்கும் பெரிய குறைவில்லை, காய்ந்தால் அடுப்புக்கோ உரக்குழிக்கோ போய்விடும். பிறகு ஏன் அட்டைக்கு ஓட்டு என்று கேட்கலாம். ஓலை வேலையை வீடியோ பார்த்துக் கற்பது கஷ்டம். எந்த இதழ் மேலே, எது கீழே என்பது பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துக் காட்டினால்தான் ஏறும். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ தெரிந்தவராக இருந்தால் நான் சொன்ன அட்டையெல்லாம் பரணில் கிடக்கட்டும், அவரிடம் பிள்ளையை விட்டுவிடுங்கள். தென்னங்கீற்றில் ஈர்க்கை உருவிவிட்டால் வாட்ச், கண்ணாடி, பாம்பு, பந்து வரை போகலாம். குருத்தோலை விரலுக்கு மெத்தென்று இருக்கும், முற்றிய ஓலையின் ஓரம் கையை அறுக்கும். பனையோலைக் கிலுகிலுப்பைக்குள் நாலு புளியங்கொட்டையோ கல்லோ போடுவது வழக்கம். அதைக் கைக்குழந்தையிடம் கொடுப்பதாக இருந்தால் முடைந்த இடம் விடாமல் இறுகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டை நேரே வாய்க்குப் போகும். காற்றாடிக்கு அச்சாகக் கருவேல முள்ளைக் குத்துவார்கள். அந்த முள்ளைப் பெரியவர்தான் எடுக்க வேண்டும்.

யாரும் சொல்லித்தராமலே வருவது நுங்கு வண்டி. நுங்கு கிடைக்கும் காலமும் லீவும் ஒன்றாகவே வருகின்றன. நுங்கைத் தின்றபின் மிஞ்சும் காய்கள் இரண்டைப் பச்சையாக இருக்கும்போதே ஒரு அடிக் குச்சியின் இரு முனையிலும் குத்தி, நடுவில் கவட்டைக் கம்பை வைத்துத் தள்ளினால் ஓடும். நுங்கு விற்பவரிடம் கேட்டால் காயைச் சும்மாவே தருவார். ஆனால் இதை ஓட்டத் தெரு வேண்டும். மூன்றாவது மாடி ஹாலில் ஓட்டினால் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.

துணி கடைசி. தையற்கடையில் வெட்டி விழும் துண்டுகளை ஒரு பை நிறைய எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். பழைய சாக்ஸில் பஞ்சடைத்துக் கழுத்தில் நூல் கட்டினால் கைப்பாவை. ஆனால் ஊசி பிடிக்க எட்டு வயதாவது ஆக வேண்டும், ஒரு பொம்மை முடிய இரண்டு மூன்று நாள் இழுக்கும். பொறுமையுள்ள பிள்ளைக்கு மட்டும் தரலாம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பெரியவர் செய்துதருவதில் மட்டும் துணியை மிஞ்ச ஒன்றுமில்லை. கண்ணுக்குப் பொத்தான் தைக்காமல் நூலாலேயே கண்ணைப் போட்டுவிடுங்கள். அந்த வயதுக்கு எந்தப் பொம்மையிலும் 3 செ.மீ. அளவிலோ அதைவிடச் சின்னதாகவோ கழன்று வரக்கூடிய துண்டு இருக்கக் கூடாது. பாட்டில் மூடிச் சக்கரமும் இதில் அடக்கம்.

ஆக, நான்கு வயதும் ஒன்பது வயதும் ஒரே வீட்டில் இருந்தால்? பலருக்கு இதுதான் நிலைமை. ஒரே பொருளில் இரண்டு பேரையும் உட்காரவைத்தால், சின்னவள் பெரியவனின் சக்கரத்தை நசுக்குவாள், பெரியவன் கத்துவான். சின்னவளுக்கு மாவு, பெரியவனுக்கு அட்டை என்று பிரித்து, ஒரே பாயில் உட்காரவையுங்கள். அவள் உருட்டிய இட்லியும் மாம்பழமும் அவன் வண்டியில் சரக்காக ஏறும். ஊருக்குப் போகிற இரண்டு வாரத்தை ஓலைக்கு ஒதுக்கிவிடலாம். களிமண்ணை பிள்ளையார் சதுர்த்திக்குத் தள்ளிவைக்கலாம். கிட்டைப் பற்றி யாராவது பரிசு என்ன வாங்க என்று கேட்கும்போது யோசித்தால் போதும்.

இந்த வாரம் வாங்க வேண்டியவை: ஒரு கிலோ மைதா, ஒரு பாக்கெட் தூள் உப்பு, நடுத்தர அளவு ஃபெவிகால், முனை மழுங்கிய கத்தரிக்கோல், ஒரு கட்டு மூங்கில் குச்சி. பழைய பேப்பர்க்காரர் வந்தால் அட்டைப்பெட்டியை மட்டும் ஜூன் வரை போடாமல் எடுத்து வையுங்கள்.